மருமகளின் ஆபீஸ் குரல்

என் மருமகளுக்கு வேலையே ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொள்வதுதான். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களைப் படுக்கையறையில் உட்கார்ந்தபடி, போனை ஸ்பீக்கரில் போட்டு வாங்கிக்கொள்கிறாள். கட்டிலுக்கடியில் எங்கள் நாய் சங்கு. ஆலையில் ஊதுவார்களே, அந்தச் சங்குதான். சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். "வணக்கம், சொல்லுங்க" என்று தேனொழுக அவள் ஆரம்பித்தால் போதும், குரைத்துத் தள்ளிவிடும்.

மேலாளர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ நாய் சத்தம் கேட்டா, வேற ஆளப் போட்டுக்கறோம்மா."

என் மகன் தொழில் தொடங்கப்போகிறவன். எப்போது என்று கேட்கக் கூடாது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

குரைப்பதை நிறுத்தினால் பிஸ்கட் என்று பழக்கினாள். நிறுத்த வேண்டுமென்றால் முதலில் குரைத்தாக வேண்டுமே, அதைச் சங்கு ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. குரைத்தால் முதுகைக் காட்டுங்கள் என்றார் மாடிவீட்டுக்காரர். அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் என் மகன்தான். மனைவி கடைக்குப் போகச் சொன்னால் முதுகைக் காட்டினான்.

போன வாரம் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது சங்கு மறுபடியும் ஆரம்பிக்க, அவளுக்குப் பொறுமை போயேபோய்விட்டது.

"வாய மூடு சனியனே. எத்தன தடவ சொல்றது?"

சங்கு கப்சிப். போனிலும் கப்சிப்.

"சரிங்கம்மா, மெதுவாவே சொல்றேன்" என்றார் அந்த மனிதர்.

அவளும் அதே குரலில் தொடர்ந்தாள். "துணிய இப்படித் திணிச்சு வச்சா அது எப்படிங்க சுத்தும்? பாதிய வெளிய எடுங்க."

"எடுத்துட்டேன். சுத்துதும்மா."

சங்கு குறட்டை விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தத் தேன் குரலில் இந்த வீட்டில் யாரிடமும் அவள் பேசியதே இல்லை. யாரோ அன்னியப் பெண் அறைக்குள் புகுந்துவிட்டாள் என்றல்லவா பாவம் இத்தனை நாளும் குரைத்திருக்கிறது.

மேலாளர் மறுபடி கூப்பிட்டார். "நாய் சத்தம் இல்ல, சந்தோஷம். ஆனா ஆளுங்கள இப்படி அதட்டலாமா?"

"அதட்டலன்னா நாய் குரைக்கும் சார். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." இதையும் வீட்டுக் குரலில்தான் கேட்டாள்.

"அதட்டுங்கம்மா" என்றார் அவர்.

வேலை தங்கிவிட்டது. இப்போது ஒரே தொல்லை: "தண்ணிக் குழாயத் திறந்தீங்களா இல்லையா?" என்று அவள் யாரையோ கேட்கும்போதெல்லாம் என் மகன் குளியலறைக்கு ஓடுகிறான். உன்னை இல்லையப்பா என்று நான் சொல்லலாம்தான். இப்போதுதான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கிறான், ஓடட்டும்.