ரோசலின் சொன்ன ஒரு பொய்

மத்தியானம் மூன்று மணிக்கு டியூட்டி முடிந்தால் மற்ற நர்சுகள் விடுதிக்குப் போய்ப் படுப்பார்கள். ரோசலின் மட்டும் பேகம்பூர் பக்கம் நடப்பார். 1961, சித்திரை வெயில். திண்டுக்கல்லில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்று வார்டு கிடையாது. மதராசுக்குப் போய் ஆறு மாதம் மனநோய்ப் பயிற்சி எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் ‘அந்த மாதிரி கேஸ்’ எல்லாம் அவர் தலையில்தான் விழும். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யோசிக்கக்கூட நேரம் கிடைத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

அந்தச் சித்திரையில் அவர் பார்க்கப் போனது நர்கீஸை. பத்தொன்பது வயது, தலைப்பிரசவம், ஆண் குழந்தை. புருஷன் சாகுல் ஹமீதுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. பிள்ளை பிறந்த பத்தாம் நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தண்ணீர் தன் பாலில் கலந்திருக்கிறது, தான் தொட்டாலே பிள்ளைக்குத் தோல் உரிந்துவிடும் என்று சொல்லி ஒதுங்கிவிட்டாள்; மாமியார்தான் பிள்ளைக்குப் பசும்பால் புகட்டினார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விழுங்கவில்லை.

மாமியார் காதர் பீவி ஒரு கெடு வைத்திருந்தார். நாற்பதாம் நாள் பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்றைக்கும் பிள்ளையை எடுக்காவிட்டால், தாடிக்கொம்பில் இருக்கும் மகள் குர்ஷித் பேகம் பிள்ளையைக் கொண்டுபோய் வளர்ப்பாள். நர்கீஸ் அவள் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

இருபத்தேழாம் நாள் ரோசலின் வந்தபோது தொடர்ந்து இரண்டு டியூட்டி பார்த்திருந்தார். நிற்க முடியவில்லை. மாத்திரையை நீட்டினார்.

“மொதல்ல மோந்து பாருங்க நர்சக்கா,” என்று நர்கீஸ் சேலை முந்தானையை நீட்டினாள். “சுண்ணாம்பு வாடை வருதா இல்லையா?”

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று ரோசலினுக்குத் தெரியும். நோயாளியோடு வாதாடவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. எனக்குத் தெரியவில்லை, ஆனால் உன் பயம் புரிகிறது என்று சொல்லிப் பக்கத்தில் இருக்க வேண்டும். மதராசில் முதல் வாரமே படித்த பாடம். ஆனால் அப்படிச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

“ஆமா, லேசா வருது. இத முழுங்கு, போயிரும்.”

நர்கீஸ் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். ரோசலின் விடுதிக்குப் போய் விழுந்து தூங்கினார்.

மறுநாள் வாசலிலேயே காதர் பீவி பிடித்துக்கொண்டார். “என்னத்த சொல்லிட்டுப் போனீங்க? நர்சம்மாவே வாடை இருக்குன்னுட்டாக, புள்ள இந்த வீட்டுலயே இருக்கப்படாதுன்னு காலையிலருந்து கத்துறா.”

ரோசலின் நேராக உள்ளே போய் நர்கீஸ் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “நேத்து நான் பொய் சொன்னேன் தாயி. எனக்கு ஒரு வாடையும் வரல. அலுப்பு. நீ சீக்கிரம் மாத்திரை முழுங்கணும்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது.”

நர்கீஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது. ரோசலின் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், பொய் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

“பொய் சொல்ற நர்சு எங்களுக்கு எதுக்கு?” என்றார் காதர் பீவி.

“நாளைக்கும் நாலு மணிக்கு வாரேன்மா. அஞ்சு வரைக்கும் இருப்பேன்.”

வந்தார். நான்கு மணிக்கு வந்து, மாத்திரையைத் தண்ணீரோடு பக்கத்தில் வைத்து, இது தூக்கத்துக்கு, இஷ்டமிருந்தால் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, ஐந்து வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆறு நாள் நர்கீஸ் வாய் திறக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து மாத்திரை காலியானது.

“பேசாம உக்கார்றதுக்கா ஆஸ்பத்திரியில சம்பளம் குடுக்குறாக?” என்றார் காதர் பீவி. “எங்க வீட்டு ஆடும் அப்படித்தான் உக்காந்திருக்கு.”

“அதுக்கு டியூட்டி கம்மிம்மா.”

ஏழாம் நாள் நர்கீஸ் மெதுவாகச் சொன்னாள். “நர்சக்கா, உங்க காலு வீங்கியிருக்கு.”

“நெறைய நின்னுட்டேன்.”

“நீட்டி உக்காருங்க.”

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். தூங்கவும் செய்தாள். பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்தாள், தொடவில்லை.

நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றி, புதுச்சேலை கட்டி உட்கார வைத்தார்கள். குர்ஷித் பேகம் வந்த குதிரை வண்டி தெருவில் நின்றது. பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டியாயிற்று. டியூட்டி முடிந்து வந்த ரோசலினை நர்கீஸ் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“மாமி தூக்கு தூக்குங்கிறாக. புள்ளையோட அத்தா, ஒனக்கு ஒண்ணுமில்லங்கிறாக. நீங்க நெசத்தச் சொல்லுங்க. நான் தூக்கலாமா?”

“தூக்கலாம்,” என்றார் ரோசலின். “ ஆனா உனக்கு இன்னும் முழுசா சரியாகல. தனியா வச்சிருக்க வேணாம். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

“சரியாகலங்கிற நெசத்த நீங்க மட்டுந்தான் சொல்றீங்க,” என்றாள் நர்கீஸ். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். காதர் பீவி பிள்ளையை மடியில் வைத்தார். ரோசலின் பசும்பாலைப் பாலாடைச் சங்கில் ஊற்றி நர்கீஸ் கையில் கொடுத்தார். அவள் புகட்டியதில் பாதி பிள்ளையின் கழுத்தில் வழிந்தது, பாதி வாய்க்குள் போனது.

குர்ஷித் பேகம் மூட்டையை அவிழ்த்தாள். “தொணைக்கு ஆள் வேணும்னா நான் பத்து நாள் இங்க இருக்கேன்மா. புள்ள எதுக்கு அங்க?”

காதர் பீவி மருமகளையும் அவள் மடியிலிருந்த பிள்ளையையும் பார்த்தார். “வண்டிக்காரன போகச் சொல்லு,” என்றார்.