திருப்பிக் கொடுக்க முடியாத டூட்டி

செவிலியர் சங்கம் பெரிய டாக்டரின் கன்னத்தில் பிறந்தது என்று மருத்துவமனை கேன்டீனில் இன்றைக்கும் சொல்கிறார்கள். மூன்றாம் வார்டு அக்கா விட்ட அறையாம். விசாரித்தால், அன்று அக்காவுக்குக் கை தூக்கவே தெம்பில்லை. டாக்டர் அந்தப் பக்கமே வரவுமில்லை.

அக்காவுக்கு இரவு டூட்டி முடிந்தும் மாற்றிவிட ஆள் வரவில்லை. நோயாளிகளை இன்னொரு நர்ஸிடம் படுக்கை படுக்கையாகச் சொல்லி ஒப்படைக்காமல் வார்டை விட்டு நகரக் கூடாது. பகல் டூட்டியும் அவள் தலையிலேயே விடிந்தது. மாலையும் ஆள் இல்லை. டிரிப் பாட்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிப் போனாள்.

பக்கத்து வார்டில் வேலை முடித்துக் கிளம்பிய ஒல்லிக்குச்சி ஒருத்தி, எல்லோருக்கும் அவள் 'ஊசி', பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

“குதிரைதான்க்கா நின்னுக்கிட்டே தூங்கும். நீ வீட்டுக்குப் போ.”

“உன் டூட்டி முடிஞ்சு போச்சேடி.”

“கடனா வெச்சுக்க. எனக்கு ஒருநாள் பாத்துக் குடு.”

மறுநாள் மேட்ரன் ஊசியைக் கூப்பிட்டார். கேட்காமல் டூட்டி மாற்றியது குற்றமாம். இந்த வாரத்தோடு வேலை இல்லையாம். ஆள் அனுப்பாதது யார் குற்றம் என்பது மட்டும் எந்த விதியிலும் இல்லை.

அக்காவுக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. கூட்டம் கூடத் தடை, அவளும் கூட்டவில்லை. வார்டை ஒப்படைக்கும்போது ஒரு வரி சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“பத்தாம் பெட், காய்ச்சல் எறங்கிருக்கு. பக்கத்து பெட்டுக்கு மருந்து பாக்கி. அப்புறம், நம்ம ஊசிக்கு வேலை போகுது. அடுத்த ஆளுக்கும் சொல்லிடு.”

அடுத்தவள் அதற்கடுத்தவளிடம் ஒப்படைத்தாள். வார்டு மாறிப் போனவர்கள் அங்கேயும் ஒப்படைத்தார்கள்.

வாரக் கடைசியில், டூட்டி முடிந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேட்ரன் அறை வாசலில் உட்கார்ந்தார்கள். கோஷம் போடத் தெம்பில்லாமல் பாதிப்பேர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார்கள்.

“என்னம்மா இது?”

“நாங்களும் கேக்காம டூட்டி மாத்தினவங்கதான் மேடம்,” என்றாள் அக்கா. “எங்களையும் அனுப்பிடுங்க. கொஞ்சம் தூங்கறோம்.”

எல்லோரையும் அனுப்பினால் பெட்பேன் யார் எடுப்பது என்று மேட்ரன் யோசித்தார். ஊசியின் வேலை தப்பியது. வாசலில் உட்கார்ந்தவர்களே சங்கம் ஆனார்கள். போராடி வாங்கிய முதல் விதி: அடுத்தடுத்து இரண்டு டூட்டி யாரும் பார்க்கக் கூடாது.

அக்கா இப்போது சங்கத் தலைவி. உடை மாற்றும் அறையில் ஊசி விடாமல் கேட்கிறாள்.

“அக்கா, என் டூட்டி என்னாச்சு?”

“விதி இருக்கேடி.”

“லீவு நாள்ல வந்து பாரு.”

“லீவு நாள்ல டூட்டி பாக்கக் கூடாது. அது ரெண்டாவது விதி.”

“யார் போட்டதாம்?”

அக்கா ஷூவைக் கழற்றி, வீங்கிய காலை அமுக்கிவிட்டுக்கொண்டே வேறு பக்கம் பார்க்கிறாள்.