பொருந்தவில்லை என்று சொன்னவர்

போன வாரம் சந்தைக்குக் கிளம்பும்போது என் மகன் தங்கவேல் போன் செய்தான். "நம்ம டாக்டரு போயிட்டாருங்கம்மா" என்றான். பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் ஊர் டாக்டர் கந்தப்பனைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு அவர் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

ரிக் லாரியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போன தங்கவேல், கண் மஞ்சளாகி வயிறு வீங்கித் திரும்பினான். சனம் கீழாநெல்லி கொண்டுவந்தது. குடித்தே கெட்டான் என்று பின்னால் பேசவும் செய்தது. டாக்டர் எதையும் காதில் வாங்கவில்லை. "ஈரல் கெட்டுப்போச்சுங்க ஆத்தா. ஊட்டுல ஒருத்தரு தன்னோடதுல பாதி குடுத்தாத்தான் பையன் நிப்பான். குடுத்தவங்களுக்கு மறுபடி வளந்துக்கும். ஆனா அதுவும் பெரிய ஆபரேசன்தானுங்க" என்றார்.

என் மருமகள் கவிதாவோடு வீட்டில் நான்கு பேர் முன்வந்தார்கள். மற்ற மூவர் யார் என்று எழுதப்போவதில்லை. டாக்டர் ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார். நானும் கூடப் போக எழுந்தேன். "நீங்க வெளிய இருங்க. பெத்தவ பக்கத்துல உக்காந்திருந்தா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க?" என்றார். எனக்குக் கோபம்தான்.

மூவருக்குப் பொருந்தவில்லை, கவிதாவுக்குப் பொருந்துகிறது என்று சொல்லிக் கோவைக்கு அனுப்பினார். புருசனும் பெண்டாட்டியும் பிழைத்து வந்தார்கள். அதன்பின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அவர் பார்வையில்தான். பார்க்க வந்த சொந்தங்களை வாசலிலேயே நிறுத்தி, "பழத்தக் குடுத்துட்டுப் போங்க, சளியக் குடுத்துட்டுப் போகாதீங்க" என்பார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று கவிதா சொன்னாள்: "அன்னைக்கு உள்ள கூப்புட்டு, 'பயமா இருந்தா சொல்லு அம்மிணி, பொருந்தலைன்னு நான் சொல்லிக்கறேன், ஒருத்தருக்கும் தெரியாது'ன்னாருங்க அத்தை. பயந்தானுங்க, இருந்தாலும் குடுக்கறேன்னேன்."

மருமகளை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் மற்ற மூவரும் நினைவுக்கு வந்தார்கள். யாருக்கு நிஜமாகவே பொருந்தவில்லை, யார் பயந்தார்? எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். டாக்டர் எங்கள் வீட்டில் எத்தனை முறை காப்பி குடித்திருக்கிறார், ஒரு சொல் சிந்தவில்லை. அதனால்தான் இன்றும் நோம்பி, பண்டிகை என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள்.

மறுநாள் அந்த மூவரில் ஒருவர் என் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மொதல்ல சாப்புடு சாமி" என்று இலையைப் போட்டேன். டாக்டர் காத்ததை இனி நான் காப்பேன்.