மெஷின் உள்ளே வந்த பிறகுதான் ஊசி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மும்தாஜ் அக்காவைப் பற்றி எழுத உறவினர்களும் டாக்டர்களும் இருக்கும்போது, அவரிடம் வேலை பார்த்த நான் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. அக்காவின் தம்பி இம்ரான் அண்ணன்தான் நினைவு மலருக்காகக் கேட்டார். “பேசத்தானேம்மா உனக்குக் கூச்சம், எழுதலாமில்ல?” என்றார். மறுத்துச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அக்காவின் கடைசி நாளன்று காலை, ஓசூர் பேருந்து நிலையத்தின் எதிரே அக்காவின் வேனுக்காகக் காத்திருந்தேன். வேப்பனப்பள்ளியைச் சேர்ந்த ஓர் அம்மாவுக்குக் கிருஷ்ணகிரியில் இடுப்பு எலும்பு ஆபரேஷன். வேன் வரவில்லை, இம்ரான் அண்ணனின் போன் வந்தது. தொழுகைக்கு எழுந்த அக்கா நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அழுவதற்கு முன் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, “இன்னிக்கு மெஷின் வராது சார், மரப்பு ஊசி போட்டுடாதீங்க” என்றேன். நாங்கள் போகாத முதல் நாள் அது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சி-ஆர்ம் என்பது சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரம். வளைந்த ஒரு பெரிய கை இருக்கும். எலும்பில் டாக்டர் கம்பி பொருத்தும்போதே, அது சரியாகப் போகிறதா என்று திரையில் காட்டிவிடும். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அதைச் சொந்தமாக வாங்கக் கட்டுப்படியாகாது. அக்கா ஒரு பழைய மெஷினை வாங்கி, வேனில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய் வாடகைக்கு விட்டார். கூடப் போய்ப் படம் எடுப்பது என் வேலை. இப்போது பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து அந்த மெஷினைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அதனால் இதை அக்காவைப் பற்றி மட்டும் எழுதி முடிக்க என்னால் முடியவில்லை.

அக்காவுக்கு மெஷின் ‘மாப்பிள்ளை’. பலகை போட்டு வேனிலிருந்து இறக்கும்போது ஆஸ்பத்திரிப் பையன்களைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விரட்டுவார். “மெதுவாப்பா! மாப்பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கிடப் போவுது. அப்புறம் எந்தப் பொண்ணு கட்டும்?”

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சேர்ந்த புதிதில், படம் எடுக்கும் முன் “எக்ஸ்ரே!” என்று எல்லோரையும் உஷார்ப்படுத்த என் தொண்டை ஒத்துழைக்காது. கதிரைத் தடுக்கும் ஈய அங்கி போடாதவர்கள் நகராமல் நின்றுகொண்டிருப்பார்கள். வெளியே ஸ்டூலில் இருக்கும் அக்கா கதவைத் தாண்டிக் கத்துவார்: “எல்லாரும் தள்ளுங்க, எம் பொண்ணு படம் புடிக்கப் போறா!” பிறகு என்னிடம், “நீ அமுக்கு புள்ள, கத்துற வேலைய நான் பாத்துக்கறேன்” என்பார். டாக்டர்கள் சிரிப்பார்கள். ஆனால் தள்ளி நிற்பார்கள்.

அக்காவிடம் குறை இல்லாமல் இல்லை. எங்கள் பக்கம், வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரும் போனில் “கிட்ட வந்துட்டேன்” என்றுதான் சொல்வார். அக்காவும் அப்படித்தான். ஒரு மாம்பழ சீசனில், நாகரசம்பட்டியில் மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்குத் தொடை எலும்பு முறிவு. கிருஷ்ணகிரியிலிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

“மும்தாஜம்மா, எங்க வர்றீங்க?”

“டோல்கேட் வந்தாச்சு சார்.”

டோல்கேட் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் பாதி வழியில் இருக்கும் சூளகிரியைக்கூடத் தாண்டவில்லை. முன்னால் மாங்காய் லாரிகள் அசையாமல் நின்றன. சற்று நேரத்தில் மறுபடி போன். “மரப்பு ஊசி போட்டாச்சும்மா. இன்னும் காணோமே?”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மரப்பு தெளிவதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும். “பொய் சொல்லிட்டேன் சார். சூளகிரியிலதான் நிக்கறோம்” என்றார். வேனிலிருந்து குதித்து, லாரி லாரியாகப் போய்க் கதவைத் தட்டினார். “அண்ணே, உன் மாங்கா பழுக்க நாளிருக்கு. அங்க ஒருத்தன கால் மரக்க ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க!” ஒவ்வொரு லாரியாக ஓரம் கட்டியது. மரப்பு இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். கம்பி நேராகப் போனதைத் திரையில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்த டாக்டர், “இனிமே உங்க டோல்கேட்ட நம்ப மாட்டேன்” என்றார்.

“நம்பாதீங்க சார். மெஷின் உள்ள வந்து, திரையில படம் தெரிஞ்சப்புறம்தான் ஊசி. நானே சொன்னாலும் போடாதீங்க.”

நாங்கள் போகும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இன்று அதுதான் வழக்கம். அக்காவோ அதற்குப் பிறகு அளவுக்கு மீறி உண்மை பேசினார். “எங்கம்மா வர்றீங்க?” என்றால், “இன்னும் பல்லே வெளக்கல சார்.” அடுத்த சீசனில் அந்த நாகரசம்பட்டிக்காரர் ஒரு பை மாம்பழத்தோடு நடந்தே எங்கள் வேனருகில் வந்தார். “மறுபடி மரம் ஏறினியாண்ணே?” என்று அக்கா கேட்டார். “இல்லம்மா... கீழ்க்கொம்பு மட்டும்.”

அடக்கத்தன்று தெரு நிறைய ஆட்கள். டாக்டர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். மூன்று மொழியிலும் திட்டு வாங்கிய ஆஸ்பத்திரிப் பையன்கள், பூட்டியிருந்த வேனைச் சுற்றி நின்று அழுதார்கள். அக்காவைச் சுமந்த சந்தூக்கு தெருமுனை திரும்பும் வரை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய் வாருங்கள் அக்கா. உங்களோடு போன பாதையெல்லாம் சிரிப்பாகவே இருந்தது.

இம்ரான் அண்ணே, அச்சுக்குப் போகும் முன் இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். வேப்பனப்பள்ளி அம்மாவை அன்று பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க வலியில் கத்தினாராம். மெஷினை விற்காதீர்கள். வேன் ஓட்ட ஓர் ஆளைப் போடுங்கள். போன் எடுப்பது, இறக்குவது, விரட்டுவது, கத்துவது எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதை என் பொறுப்பில் விடுங்கள் அண்ணே.