சட்டி இரவல் கேட்டவள்

குவோ பைலிங்கை எடுத்துப் போன அன்று, எங்கள் குடியிருப்பின் சார்பில் வைத்த மலர்வளையத்தில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. 'எழுபது வருஷத்தில் பத்து நாள் மட்டுமே படுத்தவர்' என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் கீழ்வீட்டு சுங். என்னிடம் கொண்டுவந்து காட்டி, "சரியா இருக்கா, யென் அக்கா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால், கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இப்போது எனக்கு என்ன வந்தது? எழுதிவிடுகிறேன்.

பைலிங் என்னைவிட மூன்று வயது பெரியவள். கான் ஆற்றங்கரையில் இருந்த வெந்நீர்க் குடுவைத் தொழிற்சாலையில் அவள் கண்ணாடி ஊதும் பிரிவு, நான் பெட்டி கட்டும் பிரிவு. அவள் கணவர் திங் லாரி ஓட்டியவர். எங்கள் இரண்டு வீடுகளும் மூன்றாம் மாடியில் எதிரெதிரே இருந்தன. இருமினால் கேட்கும் தூரம்.

அவளுக்கு வாய் நீளம். அதைவிட நடை வேகம். விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போய் முப்பது பேரை வரிசையாக நிறுத்தி, 'எட்டுப் பட்டு' என்று நாங்கள் சொல்லும் எட்டு அசைவுகளையும் செய்ய வைப்பாள். மூச்சை இழு, வானத்தைத் தாங்கு, மூச்சை விடு, வில்லை வளை. யார் மூச்சு எங்கே தடுமாறுகிறது என்று முதுகாலேயே கண்டுபிடித்துவிடுவாள். சாப்பிடும்போது பேச மாட்டாள். அந்த ஒரு அரை மணி நேரம்தான் எங்கள் மாடிக்கு நிம்மதி. மாலையில் மாசிபத்திரி போட்ட வெந்நீரில் கால் வைத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள புள்ளியை நூறு முறை அழுத்துவாள்.

"உன் முழங்கால் ஏன் வலிக்குது தெரியுமா?" என்பாள் என்னிடம். "அதை நீ சீராட்டுற. வலிக்குது வலிக்குதுன்னு கொஞ்சினா அது எப்படிப் போகும்?"

இதெல்லாம் வெறும் வீம்பு என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் திங்குக்கு வயிறு வீங்கியது. மருத்துவமனைக்குத் தன் காலால் நடந்து போன மனிதர் அவர். டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அன்று மாலை படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. காரியம் முடிந்த பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "பேர் வெச்சாத்தான்டி அது வீட்டுக்குள்ள வரும். பேர் வைக்காத நாய் வாசல்லயே நிக்கும்." அதற்குப் பிறகு எந்த வைத்தியரிடமும் அவள் கையை நீட்டியதில்லை. யாராவது முகம் வெளுத்திருக்கிறதே என்று கேட்டால், கேட்டவர் தொலைந்தார்.

திங்குக்காக வாங்கிய மருந்துச் சட்டி அவளிடம் இருந்தது. மண்சட்டி, பக்கவாட்டில் குட்டையாக ஒரு பிடி. அதை அவள் இரவல் கொடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் மருந்துச் சட்டியைத் தாராளமாக இரவல் கொடுக்கலாம், ஆனால் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து தரக் கூடாது. தந்தால் நோயையும் கூடவே கொண்டுவந்து கொடுத்ததாக அர்த்தம். அடுத்து யாருக்குத் தேவையோ அவர்தான் போய் எடுத்து வர வேண்டும். அந்தச் சட்டி ஆறு வருஷம் எங்கள் மாடிப்படிகளில் ஏறி இறங்கியது. பைலிங் வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

தொண்ணூற்றேழாம் வருஷம், விடாமல் மழை பிடித்திருந்த மாதம். மதிய உறக்க நேரம். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்காது, கைக்குழந்தைகள்கூட அழாது. இரண்டரை மணிக்கு பைலிங் கதவைத் திறந்தாள். சட்டி அவள் வாசற்படியில் இருந்தது. உள்ளே காய்ச்சிய மருந்தின் சக்கை. தொட்டால் சூடு.

அவள் போட்ட சத்தத்தில் நான்கு மாடியும் எழுந்துவிட்டது.

"எந்தக் கடங்காரன் வெச்சது? என் வாசல்ல நோயைக் கொண்டாந்து கொட்ட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

சட்டி கடைசியாக இருந்தது சுங் வீட்டில். இளைப்புக்காக வாங்கிப் போயிருந்தார். பாவம், மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, "என் அம்மா மேல சத்தியமா நான் வைக்கல அக்கா. கீழ படிக்கட்டுக்கு அடியில வெச்சிருந்தேன்" என்றார். "உங்க அம்மா செத்து இருபது வருஷம் ஆச்சு, அவங்க மேல சத்தியம் பண்ணி என்ன பிரயோஜனம்?" என்றாள் இவள். சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் இரண்டரை மணிக்குச் சட்டி மறுபடி அவள் வாசலில் இருந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அதே சக்கை, அதே சூடு. பைலிங் யாருடனும் பேசாமல் ஆனாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் திட்டிக்கொண்டிருந்தால் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

நாலாம் நாள் நான் தூங்கவில்லை. கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி இருக்கும். எதிர்க்கதவு திறந்தது. பைலிங்தான் வந்தாள். ஆனால் நான் முப்பது வருஷமாகப் பார்த்த பைலிங் அல்ல. வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தாள். நோயாளியின் நடை. கண் திறந்துதான் இருந்தது. கீழே போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் போட்டாள். நடைவழியில் இருந்த தன் கரியடுப்பில் ஏற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெல்ல விசிறினாள்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "கதவைச் சாத்திக்கோங்க. புகை வரும்."

நான் பயந்துபோனேன். அவள் பேசியதற்காக இல்லை. என்னை 'வாடி போடி' தவிர வேறு விதமாக அவள் கூப்பிட்டதே கிடையாது. இவள் என்னை 'நீங்க' என்றாள்.

காய்ச்சியதைக் குடித்துவிட்டு, சட்டியை வைக்க இடம் தேடிப் போகத் தெம்பில்லாதவளாக, வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டரை மணிக்குக் கதவைத் திறந்து, விறைப்பாக நின்று, "இன்னிக்கும் வெச்சுட்டான் பாரு" என்றாள் பைலிங்.

மறுநாள் காலை நான் மூலிகைக் கடை லெய் வைத்தியரிடம் போனேன். சக்கையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன். ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"என் சீட்டுதான். குவோ அம்மாவுக்குக் குடுத்தது."

"அவ உங்ககிட்ட வந்தாளா?"

"மூணு வாரமா வர்றாங்க. மதியம் கடையில எல்லாரும் தூங்குற நேரம். வந்து உக்காந்து கையை நீட்டுவாங்க, அவ்வளவுதான். நாடி நல்லா இல்லைங்க. மூங்கிலைக் கத்தியால சுரண்டுற மாதிரி ஓடுது. பெரிய மருத்துவமனைக்குப் போங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

அவர் சக்கையை மடித்தார். "'வீட்டுல இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டாம். நோய்னு சொன்னா அவளுக்குக் கோபம் வரும்'னாங்க. வீட்டுல யாரு இருக்காங்க, தங்கச்சியா?"

அவள் தனியாகத்தான் இருந்தாள். மகன் தொலைவில், ஷென்ஜென் நகரத்தில் வேலை பார்த்தான்.

நேரே வந்து பைலிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோழி என்றால் சொல்ல வேண்டும் அல்லவா? அவள் சிரித்தாள். "முழங்கால் வலி மூளைக்கு ஏறிடுச்சா உனக்கு?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. வாசலிலிருந்த சட்டியை எடுத்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே போட்டாள். தண்ணீர்க் குழாயடியில் அது சுக்கல் சுக்கலாகச் சிதறியது. "போச்சு. இனி எதுல காய்ச்சுவா உன் பேய்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே சந்தைக்குப் போய் ஒரு புதுச் சட்டி வாங்கினேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழைய செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்று மதியம் ஒன்றும் நடக்கவில்லை. பைலிங் பாட்டு முணுமுணுத்தாள். நாலாம் நாள் காலை ஆற்றங்கரையில், பாதத்தைத் தொடக் குனிந்தவள் நிமிரவில்லை. பின்னால் முப்பது பேரும் அவளோடு குனிந்தபடியே நின்றோம். ஏதோ புது அசைவு சொல்லித் தருகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நிமிர்ந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. "என்னடி பாக்குற? அடுத்தது செய்" என்றாள்.

அன்று மதியம் என் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். விலாவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு சட்டி இரவல் குடுக்கிறீங்களா?"

வாழ்நாளில் உப்புக்கல்கூட யாரிடமும் கேட்காதவள். "எங்கிட்ட ஏது சட்டி" என்றேன்.

"கட்டிலுக்கு அடியில இருக்கே."

எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "இங்கயே காய்ச்சிக்கிறேன். அங்க வெச்சா அவ உடைச்சிடுவா. அவகிட்ட சொல்லாதீங்க. உயிரோட இருக்கணும்னு ஆசையா இருக்கு." அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது?

அப்படி ஒன்பது வருஷம். பொட்டலத்தை அவள் கொண்டுவருவாள், நான் காய்ச்சுவேன். என் சமையலறையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மிடறு மிடறாக மூச்சை எண்ணிக் குடிப்பாள். அந்த நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து பைலிங்கின் குறட்டை எனக்குத் தெளிவாகக் கேட்கும். முதல் நாள் கேட்டபோது கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன். எழுந்து போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்க ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பயம் மெல்ல மெல்லப் பழகியது. உண்மையைச் சொன்னால், மதியம் வருகிறவளை எனக்கு அதிகம் பிடித்துப் போனது. என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நான் சொல்வதை முழுக்கக் கேட்பாள். இரண்டரைக்குப் பிறகு எதிர்க்கதவைத் திறந்து மற்றவள் வருவாள், மூக்கைச் சுளிப்பாள். "எப்பப் பாரு உன் வீட்டுல மருந்து நாத்தம். சீக்காளி. என்னைப் பாரு, அறுபத்தஞ்சு வயசுல ஒரு மாத்திரை உண்டா?" நான் வாயை மூடிக்கொள்வேன். குடியிருப்பில் எல்லோரும் என்னைத்தான் நோயாளி என்று நினைத்தார்கள். சுங் எனக்காக இஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்.

போன வருஷம் வசந்தத் திருநாள் முடிந்த வாரம். மருந்தை வடித்து அவள் முன்னால் வைத்தேன். அவள் குடிக்கவில்லை.

"இனி இது வேலை செய்யாது" என்றாள். "அவகிட்ட சொல்லிடுங்க. மகனைக் கூப்பிட நேரம் வேணும்."

"நீங்களே சொல்லுங்களேன்" என்றேன் நான். அப்போது அழுதுவிட்டேன்.

"நான் சொன்னா அவ எப்பக் கேட்டிருக்கா?" என்று எழுந்து போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் குறட்டை நின்றது.

நான் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். பைலிங் சீப்போடு வந்து நின்றாள். "என்னடி அழுகை, யாரு செத்தா?"

சொன்னேன். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும், நின்ற இடத்திலேயே. இப்போது கத்துவாள், இப்போது கோப்பையைத் தட்டிவிடுவாள் என்று காத்துக்கொண்டே சொன்னேன். அவள் சீப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அவ எப்படி இருந்தா? ரொம்ப வலியோட இருந்தாளா?"

"வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல அக்கா."

"எனக்குப் பயந்துக்கிட்டு," என்றாள் பைலிங். "ஒன்பது வருஷம். உன்கிட்ட வந்து சட்டி கேட்டு நின்னிருக்கா." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் அவளை ஒரு நாள் படுக்க விட்டதில்லையே, யென்."

அவள் கையை நீட்டி என்னிடமிருந்து கோப்பையை வாங்கினாள்.

"ஆறிப்போச்சு" என்றாள்.

சூடு பண்ணித் தருகிறேன், உள்ளே போய்ப் படு என்றேன்.