மார்க்கர் நிஜமாக ஆடிய செட்

டென்னிஸ் கிளப்பில் மார்க்கர் என்றால், உறுப்பினர்களுக்கு ஜோடி கிடைக்காதபோது எதிர்ப்பக்கம் நின்று ஆடும் சம்பளக்காரர். ஒரு காலத்தில் பிரான்சு தேசத்து மடங்களில் துறவிகள் உள்ளங்கையால் அடித்த பந்தாட்டமாம் இது. மட்டை வந்தது பிறகுதான். ராஜாவுக்குப் பந்தைத் தூக்கிப் போட ஒரு வேலைக்காரன் நிற்பான், அதனால்தான் முதல் அடிக்குச் சர்வீஸ் என்று பெயர் என்றொரு கதையும் உண்டு. மெய்யோ பொய்யோ, அந்த வேலைக்காரன் இன்னும் நிற்கிறான்.

பந்து வலையைத் தாண்டிக் கோட்டுக்குள் விழ வேண்டும், இரண்டாம் முறை துள்ளுவதற்குள் திருப்பி அடிக்க வேண்டும். பதினைந்து, முப்பது, நாற்பது, அப்புறம் கேம். ஆறு கேம் எடுத்தால் செட். இதெல்லாம் ஊருக்கு. மார்க்கருக்குச் சட்டமே வேறு: நாற்பதுவரை இழுத்துப் போ, பிறகு வலையில் அடித்துவிட்டுத் தலையில் கை வை. கிளப் செக்ரட்டரியின் தொப்பைக்கு நேராகப் பந்தை ஊட்டியதை நம் மார்க்கர் வீட்டில் நடித்துக் காட்டி மகளைச் சிரிக்கவைப்பார்.

மகள் ஆட்டத்தில் சூரப்புலி. கிளப்பின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தால்தான் வெளிப் போட்டிக்குப் போக முடியும். சேர ஒரே வழி, மார்க்கரை ஒரு செட் ஜெயிப்பது. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் நுழைந்தார்கள்.

அவள் முறை வந்தபோது மனுஷன் வெறி பிடித்தவர்போல ஆடினார். அப்பன் விட்டுக்கொடுத்த இடம் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக் கூடாதே! முட்டி தேய ஓடியும் ஆறுக்கு நாலு என்று மகள் வாரிச் சுருட்டிவிட்டாள். தோற்றதற்கு முதல்முறையாக அவர் சந்தோஷப்பட்டார்.

ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செக்ரட்டரி சிரித்தார். "பொண்ணுக்கு நல்லாத்தான் விட்டுக்கொடுத்திருக்க."

"சத்தியமா இல்லைங்க ஐயா. உயிரைக் குடுத்து ஆடினேன்."

"அப்ப என்கிட்ட?"

சுற்றி நின்ற உறுப்பினர்கள் எல்லோரும் மார்க்கரின் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை காலி.

"உங்ககிட்டயும் அப்படித்தாங்க. உயிரைக் குடுத்துத்தான் ஆடுவேன்."

"கேட்டீங்களா? இந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு நானே வாராவாரம் இவனைச் சாத்துறேன். இவனை ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயமா?"

"மத்தவங்களும் அப்பாவைத்தானே ஜெயிச்சாங்க?" என்றாள் மகள்.

"அவங்களுக்கெல்லாம் இவன் அப்பா இல்லையேம்மா," என்றார் செக்ரட்டரி. விழுந்து விழுந்து சிரித்தார்கள், பாவிகள். குழுவில் அவளுக்கு இடமில்லை.

வெளியே வந்ததும் மகள் நின்றாள். "உண்மையைச் சொல்லுப்பா. நிஜமாத்தான் ஆடினியா?"

"சத்தியமா, கண்ணு. உயிரைக் குடுத்து ஆடினேன்."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவர்கிட்டயும் இதே மூஞ்சியோடதாம்பா சொன்ன."