ஞானஸ்நானப் புத்தகத்தில் என் கையெழுத்து

யுத்தம் முடிந்து மீளக்குடியேறி உயிலங்குளத்துப் பக்கம் வந்தபோது எங்கள் கோவிலுக்குக் கூரை இல்லை, ஞானஸ்நானப் புத்தகமும் இல்லை. கூரைக்குத் தகரம் கிடைத்தது. புத்தகத்தை ஆட்களின் ஞாபகத்திலிருந்துதான் திரும்ப எழுதவேண்டியிருந்தது. புதிதாக வந்த இளம் பாதர் ஞாயிறு பூசை முடிந்ததும் மேசையைப் போட்டு உட்காருவார். பேரைச் சொல்ல ஒருவரும் கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் வரவேண்டும்.

பக்கத்து வளவுக்காரி வேலியில் நின்று கூப்பிட்டாள். "அக்கா, என்ர சின்னவன்ர பேரையும் பதியவேணும். நீங்கள்தானே தண்ணி ஊத்தினனீங்கள். ஞாயிற்றுக்கிழமை வாறீங்களோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அரிசி போட மறந்து வெறும் உலையைக் கொதிக்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

அவளுடைய சின்னவனுக்கு அப்போது பதினொரு நாள். யுத்தத்தின் கடைசி மாதங்களில், இடம்பெயர்ந்து கிடந்த இடத்தில், பங்கர் குழிக்குள் அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அருகில் எந்தப் பாதரும் இல்லை. ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து தலையில் ஊற்றி, பிதா, சுதன் என்று சொல்லத் தொடங்கும்போதே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. நெற்றி குளிர்ந்திருந்தது. தாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொல்லி முடித்தேன்.

உயிரோடு இருப்பவருக்குத்தான் ஞானஸ்நானம். ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் இல்லை. இரண்டையும் இருபது வருஷம் பிரம்போடு நின்று பாடமாக்க வைத்தவள் நான். இப்போது அந்தப் பிரம்பு என் முதுகுக்குத் திரும்பியிருந்தது. முதல் ஞாயிறு தலையிடி என்று படுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு நானாட்டானில் அலுவல் என்று பஸ் ஏறினேன். கந்தோரெல்லாம் பூட்டிக் கிடக்கும் நாளில் என்ன அலுவலோ! கடைத்தெருவில் இரண்டு தரம் நடந்து, வீடு கூட்ட ஒரு தும்புத்தடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இருப்புக் கொள்ளாமல் ஒரு பின்னேரம் பாதரிடமே போனேன். ஆளைச் சொல்லாமல் கேட்டேன். "ஞானஸ்நானம் இல்லாமச் செத்த குழந்தை எங்க போகும் பாதர்?"

"கடவுளின்ர இரக்கத்தில விடுவம் ரீச்சர். ஞானஸ்நானம் வேணும் எண்டது எங்களுக்குத் தந்த கட்டளை. அது அவரின்ர கையைக் கட்டாது."

"அப்ப நான் படிப்பிச்சது பிழையோ?"

"பிழையில்ல. அரைவாசி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மற்ற அரைவாசியை முந்தியே சொல்லித் தந்திருக்கலாமே!" என்றேன். அவருக்கு என் மகனுடைய வயதுதான் இருக்கும். தேத்தண்ணி குடியுங்கோ என்றார். குடிக்காமல் வந்துவிட்டேன். அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பாடமாக்கியது அவ்வளவு சுலபமாக விடுமா? வேலிக்கு அப்பால் அவள் துணி காயப்போடுவதைக் கண்டாலே நான் அடுப்படிக்குள் புகுந்துவிடுவேன்.

மூன்றாம் ஞாயிறு அவள் என் கையைப் பிடித்தே மேசைக்குக் கூட்டிப்போனாள். பாதர் பிள்ளையின் பேரை எழுதினார், தாய் தகப்பன் பேரை எழுதினார். பிறகு பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஊத்தேக்க பிள்ளைக்கு உயிர் இருந்ததோ ரீச்சர்?"

அவளுடைய விரல்கள் என் கையில் இறுகின.

"ஓம் பாதர். இருந்தது."

கையெழுத்து வைத்தேன். வெளியே வந்ததும் அவள் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள்.

"நீங்கள் தண்ணியோட வர முந்தியே அவன் போயிட்டான் அக்கா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை இழுத்துக்கொண்டு வந்தனீ?" கத்திவிட்டேன்.

"அவனுக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. தாட்ட இடமும் தெரியேல்ல. பேர் ஒரு இடத்திலயாவது கிடக்கட்டும் எண்டுதான்."

வந்த கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம்.

அன்றுமுதல் மற்றவர்கள் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது நான் உட்கார்ந்த வாங்கை விட்டு எழும்புவதில்லை. கோவிலுக்குள் வைத்துச் சொன்ன பொய்யோடு அதை வாங்கக்கூடாது. பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு, செய்ததை நினைத்து மனம் வருந்தும் மனஸ்தாபம் வேண்டும் என்பதும் நான் படிப்பித்த பாடம்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்கென்று உடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறேன். வேலிப் படலை வரை போய்த் திரும்புகிறேன். மனஸ்தாபம் மட்டும் இன்னும் வரவில்லை.